கார் ஓட்டப் பழகுகிறவர்களே, கண்ணாடி பார்க்கவும் பழகுங்கள்

நம் பகுதியில் கார் ஓட்டப் பழகுவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. கல்லூரி முடித்த பிள்ளைகள், சபரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர்கள், கணவர் வளைகுடாவில் இருக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் வயதான உம்மா வாப்பாவை ஆஸ்பத்திரிக்கும் தாமே கூட்டிப் போக நினைக்கும் சகோதரிகள் என்று பலர். இவர்கள் எல்லோருக்கும் பயம் கிளட்ச் மேல்தான். மேட்டில் வண்டி நின்றுவிடுமோ, பின்னால் உருண்டு போகுமோ என்ற பயம். அது ஒரு மாதத்தில் போய்விடும்; கால் தானாகப் பழகிக்கொள்ளும். கண் அப்படித் தானாகப் பழகுவதில்லை. பத்து வருடம் வண்டி ஓட்டியும் கண்ணாடி பார்க்கும் வழக்கமே வராதவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

அவர்களுக்குக் கண்ணாடியின் வேலையைச் செய்வது அடுத்தவருடைய ஹாரன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் வண்டி வருகிறது, அடிக்காவிட்டால் யாரும் இல்லை என்பது கணக்கு. லாரிகளின் பின்புறத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதி வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். லாரியின் நீளத்துக்கும் உயரத்துக்கும் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். காருக்கு இல்லை. சைக்கிளில் வரும் பையனிடம் ஹாரன் கிடையாது. பேட்டரி ஸ்கூட்டர் வரும் சத்தமே கேட்காது. கார் கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யும் போட்டுவிட்டால் ஹாரன்கூடப் பாதிதான் கேட்கும்.

சட்டமும் இதை முதலில் வைத்துத்தான் பேசுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் முதல் வரி, பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வது. கியர் மாற்றுவதும் திருப்புவதும் அதற்குப் பிறகுதான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் அந்தத் தேர்வுக்குப் போகிறோம். அந்த நாட்களில் பெரும்பாலான பிள்ளைகள் எட்டு போடுவதையும் ரிவர்ஸ் எடுப்பதையும் மட்டும் பயின்றுவிட்டுப் போகிறார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலடியிலும் பிரேக் இருக்கிறது. பின்னால் வருவதை அவர் பார்த்துக்கொள்கிறார். நாம் பார்க்காமலே ஓட்டினாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் பக்கத்தில் அவர் இருக்க மாட்டார்.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடியைத் தொடுவதற்கு முன் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி, முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும்படி உட்காருங்கள். கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சீட்டை நகர்த்தினால் செய்த வேலை வீண். ஒரே காரை அண்ணனும் தம்பியும், வாப்பாவும் மகளும் மாற்றி மாற்றி ஓட்டும் வீடுகளில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இதைச் செய்தாக வேண்டும். ஆறடி ஆள் வைத்துவிட்டுப் போன கண்ணாடியில் ஐந்தடிப் பெண்ணுக்குத் தெரிவது பின் சீட்டும் வண்டியின் கூரையும்தான்.

உள்கண்ணாடியை ஓரத்தில் பிடித்துத் திருப்புங்கள். நடுவில் விரல் பட்டால் எண்ணெய்க் கறை இரவில் எதிரொளிக்கும். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் நகர்த்தி, பின்பக்கக் கண்ணாடி முழுவதும் சட்டம் போட்டதுபோல் அதற்குள் தெரிய வேண்டும். உங்கள் முகமோ முக்காடோ அதில் தெரிந்தால் சரியாக இல்லை என்று அர்த்தம்.

பக்கக் கண்ணாடிகளில் தொடுவானம் உயரத்தின் நடுவில் இருக்கட்டும். உள்ஓரத்தில் உங்கள் காரின் பக்கவாட்டு கொஞ்சமாக, ஒரு விரற்கடை அளவு தெரியட்டும். மீதியெல்லாம் சாலை. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் சொந்தக் கார் பாதிக் கண்ணாடியை அடைத்துக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறார்கள். நம்முடைய கதவுதான் நம்மோடு வருகிறதே, அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சொந்தக் காரே தெரியாத அளவுக்குக் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லும் ஒரு முறையும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர்கள் 1990களில் எழுதிப் பரப்பிய யோசனை அது. அகலமான நெடுஞ்சாலையில், எல்லா வண்டியும் அவரவர் தடத்தில் வரும் இடத்தில் அது நல்ல முறை. மறைவிடம் நன்றாகக் குறையும். நம் ஊர் பஜாரில் பைக் நம் கதவை உரசிக்கொண்டு நுழைகிறது. அங்கே சொந்தக் காரின் ஓரம் கண்ணில் பட்டால்தான், வருகிறவன் எவ்வளவு ஒட்டி வருகிறான் என்று கணக்குப் போட முடியும். பழகும் காலத்தில் விரற்கடை ஓரம் தெரிகிற முறையே போதும் என்பது என் கருத்து.

அடுத்து, கண்ணாடி சொல்லும் பொய்யைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்கண்ணாடி சமதளமானது, அதில் தெரியும் தூரம் ஏறக்குறைய உண்மையான தூரம். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவியாடிகள். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: குவியாடி அதிக இடத்தைக் காட்டும், ஆனால் பொருளைச் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ‘பைக் தூரத்தில்தானே வருகிறது’ என்று வலது பக்கம் ஒடிக்கும்போது அவன் பக்கத்திலேயே இருப்பான். நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து, பின்னால் நிற்கும் ஒரு பைக்கை முதலில் பக்கக் கண்ணாடியிலும் பிறகு உள்கண்ணாடியிலும் பாருங்கள். பிறகு தலையைத் திருப்பி நேரில் பாருங்கள். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடத்தில் மனதில் பதிந்துவிடும்.

மூன்று கண்ணாடியும் சரியாக இருந்தாலும் தெரியாத இடம் ஒன்று உண்டு. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காரை ஒரு காலி இடத்தில் நிறுத்தி, நீங்கள் ஓட்டுநர் சீட்டில் இருங்கள். வீட்டில் ஒருவரைக் காரின் பின்னாலிருந்து வலது பக்கமாக மெதுவாக முன்னால் நடந்து வரச் சொல்லுங்கள். முதலில் உள்கண்ணாடியில் தெரிவார், பிறகு வலப்பக்கக் கண்ணாடிக்கு வருவார், பிறகு அதிலிருந்தும் மறைந்துவிடுவார். உங்கள் கதவு ஜன்னல் வழியாக நேரில் தெரியும்வரை சில அடி தூரம் அவர் எங்கேயும் இல்லை. இடது பக்கம் செய்து பார்த்தால் அந்தத் தூரம் இன்னும் அதிகமாக இருக்கும். ஒரு முழு ஆள், சில வண்டிகளில் ஒரு முழு பைக், அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் தடம் மாறுவதற்கு முன் தோள்பட்டைக்கு மேல் ஒரு நொடி திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அப்படித் திரும்பும்போது முக்காட்டின் ஓரம் கண்ணின் கடைக்கோடியை மறைக்காமல் இருக்கிறதா என்று சகோதரிகள் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தை ஒட்டிப் பின் குத்திக்கொண்டால் துணி முன்னால் வராது. ஓடும் வண்டியில் ஒரு கையால் அதை இழுத்துவிடுவதற்கு இது மேல்.

சகோதரிகளுக்கு ஒரு சேதி. காருக்குப் பின்பார்வைக் கண்ணாடி என்றால் பலரும் சொல்வது, 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் தன் வண்டியில் கண்ணாடி மாட்டி ஓட்டி வென்ற கதையை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1909இல், டோரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண் பெண்களுக்காக எழுதிய கார் ஓட்டும் புத்தகத்தில், கையில் ஒரு சிறு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

எப்போது பார்ப்பது? கிளம்பும் முன், சிக்னல் போடும் முன், திரும்பும் முன், முந்தும் முன், வேகம் குறைக்கும் முன், நிறுத்தும் முன். சும்மா நேராகப் போகும்போதும் சில நொடிக்கு ஒருமுறை உள்கண்ணாடியில் ஒரு பார்வை. பார்வைதான், உற்றுப் பார்ப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண்ணாடியில் இரண்டு நொடி கண்ணை வைத்தால் நம் தெருவில் ஐந்தாறு வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய மாதிரி.

வரிசை முக்கியம். கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு ஸ்டியரிங். பழகுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே இண்டிகேட்டரைத் தட்டுகிறார்கள், ஹாரன் கேட்ட பிறகு கண்ணாடியைப் பார்க்கிறார்கள். இண்டிகேட்டர் போட்டுவிட்டால் வழி நமக்குச் சொந்தம் என்ற நினைப்பும் உண்டு. இண்டிகேட்டர் நம் எண்ணத்தைச் சொல்கிறது. பின்னால் வருகிறவன் அதைப் பார்த்தானா என்பதைக் கண்ணாடிதான் சொல்லும்.

பிரேக் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை திடீரென்று கண்ணில் படுகிறது, காலை ஊன்றி மிதிக்கிறோம். பின்னால் டவுன் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால்? உள்கண்ணாடியில் அடிக்கடி கண் போய் வந்திருந்தால் பின்னால் இருப்பது பஸ் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிட்டு, பிறகு அழுத்தலாம்.

இடது பக்கம் திரும்புவது சுலபம் என்று நினைப்போம், எதிர் வண்டி இல்லையே என்று. நம் ஊரில் இடது பக்கம்தான் பைக்குகளின் பாதை. கார் வேகம் குறைந்த உடனே காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் மூன்றடியில் ஒருவர் நுழைந்திருப்பார். திரும்புவதற்குச் சற்று முன்பே இடது ஓரத்தை நெருங்கி அந்த இடைவெளியைக் குறைத்துவிடுங்கள். ஸ்டியரிங்கைத் தொடும் கணத்தில் இடப்பக்கக் கண்ணாடியை இன்னொரு முறை பாருங்கள். முன்பு குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் இடப்பக்கக் கண்ணாடியே வராது. இன்றும் குறுகலான தெருவில் இடிக்கும் என்று மடக்கி வைத்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் விரிக்காமல் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுக்கும் அண்ணனோ, மாமாவோ, கணவரோ ஒரு விளையாட்டு விளையாடலாம். திடீரென்று ‘பின்னால் என்ன வண்டி?’ என்று கேளுங்கள். ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்க்காமலே பதில் சொல்ல வேண்டும். ‘வெள்ளை வேன், அதுக்குப் பின்னால ஒரு ஆட்டோ’ என்று உடனே வந்தால் பழக்கம் வந்துவிட்டது. கண் மேலே போனால் இன்னும் வரவில்லை. ‘கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு’ என்று கத்துவதை விட இதில் பலன் அதிகம், வீட்டில் மனஸ்தாபமும் குறைவு.

வளைகுடாவில் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருட அனுபவம் உள்ளவர்கள், கையில் சவூதி லைசென்சும் துபாய் லைசென்சும் இருக்கும். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம். உள்கண்ணாடி அவர்களுக்கு வலது மேல்பக்கம் இருந்தது. இங்கே இடது மேல்பக்கம். ஊர் வந்த முதல் வாரம் பழக்கத்தில் கண் வலது பக்கம் போகும், அங்கே ஜன்னல் கம்பம்தான் இருக்கும். அங்கே முந்துகிறவன் இடது பக்கம் வருவான், இங்கே வலது பக்கம். அங்கே காரின் பெரும்பகுதி நமக்கு வலப்புறம் இருந்தது, இங்கே இடப்புறம். அந்தப் பழைய அளவு மனதில் இருப்பதால் வண்டியைத் தெரியாமலே இடது ஓரத்துக்குக் கொண்டு போவார்கள். சுவரிலும் கரண்டுக் கம்பத்திலும் இடப்பக்கக் கண்ணாடி உரசும். இவர்கள் சில நாள் இடப்பக்கக் கண்ணாடியைச் சாலை ஓரத்தைப் பார்ப்பதற்கென்றே பயன்படுத்த வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் ஓட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் நம் வழக்கம்தான்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இதில் போவது நம் வீட்டுப் பிள்ளையின் உயிராக இருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். பல கார்களில் பின்பக்கக் கண்ணாடியின் கீழ் விளிம்பு அதைவிட உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. சந்தேகமிருந்தால் ஒரு தண்ணீர்க் குடத்தைக் காருக்குப் பின்னால் வைத்து, ஓட்டுநர் சீட்டிலிருந்து பாருங்கள். உள்கண்ணாடியில் அது தெரியும்வரை ஒருவரை அதைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும், முக்கியமாகப் பிள்ளைகள்.

வாப்பா காரை எடுக்கும் சத்தம் கேட்டதும் வழியனுப்ப ஓடி வருவது சின்னப் பிள்ளைகளின் வழக்கம். பெருநாள் அன்று சொந்தக்காரர்கள் வந்து போகும் வீட்டு வாசலில் எத்தனை பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று யாருக்கும் கணக்கு இருக்காது. ஆகவே நிறுத்தியிருக்கும் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து வாருங்கள். பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவர் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். ‘வா, வா’ என்று சொல்லும் ஆள் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். குரலை மட்டும் நம்பிப் போகக் கூடாது. முடிந்தால் இரவு நிறுத்தும்போதே பின்னால் எடுத்து நிறுத்திவிடுங்கள். தெரு வெறிச்சோடியிருக்கும் நேரத்தில் ரிவர்ஸ் போய்விடும். காலையில் முகம் பார்த்தபடி வெளியே வரலாம்.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். கேமராவும் பல வண்டிகளில் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் சென்சார் சுவரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு, பக்கவாட்டிலிருந்து ஓடி வரும் குழந்தையைக் கண்டுபிடிக்காது. கேமராவில் மழைத்துளியோ சேறோ பட்டால் படம் மங்கிவிடும். திரையை மட்டும் பார்த்துக்கொண்டு எடுத்தால் முன்பக்க மூலை எங்கே சுற்றுகிறது என்பதும் தெரியாது.

நிறுத்திய பிறகும் கண்ணாடிக்கு ஒரு வேலை இருக்கிறது. கதவைத் திறக்கும் முன் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இடது கையால் கதவைத் திறங்கள். இடது கை அவ்வளவு தூரம் வர வேண்டுமானால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் நேரிலேயே தெரியும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் வலது பக்கக் கதவுக்குச் சைல்டு லாக் போட்டுவிடுங்கள். இடது பக்கமும் பைக் நுழையும் என்பதால் நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகே இறங்கட்டும். ஜும்ஆ முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் தெருவில் இதை மறந்துவிடக் கூடாது.

கண்ணாடியை நாமே மறைத்து வைப்பதும் நடக்கிறது. உள்கண்ணாடியில் தொங்கும் அலங்காரப் பொருட்கள் ஆடிக்கொண்டே இருக்கும். கண் அதிலேயே போகும். பின்பக்க மேடையில் அடுக்கிய தலையணையும் டிஷ்யூ பெட்டியும் உள்கண்ணாடியை அடைத்துவிடும். பெண்கள் போகும் வண்டி என்று பின்ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. நோக்கம் புரிகிறது, ஆனால் பின் கண்ணாடியையும் சேர்த்து மறைத்தால் ஓட்டுகிறவருக்குப் பாதி உலகம் இல்லாமல் போகிறது. விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும், பக்க ஜன்னல்கள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றமும் தடுத்தது.

இரவில் பின்னால் வருகிறவன் ஹை பீமில் வந்தால் உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்பியைத் தட்டுங்கள். அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு வடிவம். தட்டியதும் ரசம் பூசிய பின்பக்கம் வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்பிவிடும். வெறும் கண்ணாடியின் முன்பக்கம் திருப்பித் தரும் 4 சதவீத அளவு வெளிச்சம்தான் நம் கண்ணுக்கு வரும். விளக்குகள் தெரியும், கண் கூசாது. காலையில் மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பக்கக் கண்ணாடிகளைத் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணியைக் கதவு அறையில் போட்டு வையுங்கள்.

பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டால் பலர் கடையில் சாதாரணக் கண்ணாடியை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் அது சமதளக் கண்ணாடி. முன்பு தெரிந்த அகலத்தில் ஒரு பகுதி போய்விடும், மறைவிடம் பெரிதாகும். ஒரு பக்கம் குவியாடியும் மறுபக்கம் சமதளமுமாக இருந்தால் தூரக் கணக்கும் குழம்பும். உங்கள் மாடலைச் சொல்லி, அதே வளைவுள்ள கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு கடை வாசலிலேயே உட்கார்ந்து, ஒருவரைப் பின்னாலிருந்து நடந்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.